ஒரு வார சீனியாரிட்டி

"ஒரு வார சீனியாரிட்டியை ஏங்க விடணும்?" என்றாள் இனியா. "நீங்க பாதுகாப்பு அதிகாரியா பொறுப்பேத்தது மார்ச் மூணாந்தேதி. ரெக்கார்டுல பத்தாந்தேதின்னு தப்பா இருக்கு."

"சின்ன மிஸ்டேக் லா. விட்டுடு," என்றான் கேப்டன் பிரேம், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டபடி.

"அன்னிக்கே சிராங்கூன் ரோடு கோயில்ல அர்ச்சனை பண்ணோமே! தேங்காய்த் தட்டுல உங்க நியமன ஆர்டரை வெச்சுப் போட்டோ எடுத்தேன். தேதி நல்லாத் தெரியுது."

"இனியா, அதைக் கிளறாதே!"

அவள் கேட்கவில்லை. போட்டோவை இணைத்து முகாம் அலுவலகத்துக்குத் தானே எழுதினாள்.

அடுத்த வாரம் பிரேமுக்குப் பதில் வந்தது. தேதியைத் திருத்திவிட்டார்கள். படித்தவன் கடிதத்தோடு இனியாவிடம் ஓடி வந்தான்.

"கெடுத்துட்டியேடி! அந்த வாரம் யாருமே பொறுப்புல இல்லன்னுதான் வெடிவிபத்துக் கேஸையே மூடினாங்க. இப்ப திரும்பத் திறக்கறாங்க. நான் உள்ள போயிடுவேன்!"

"தெரியும்."

இனியா சுவரில் இருந்த படத்தின் வாடிய மாலையைக் கழற்றினாள். அந்த வெடிவிபத்தில், ராணுவச் சேவையின் நடுவிலேயே செத்துப்போன அவள் தம்பி படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

புது மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அதான் திருத்தச் சொன்னேன்."