பச்சை அட்டை

“தம்பி, கையை அப்படி மறைச்சு வெக்காதீங்க. நீங்க என்னத்தைக் கழட்டறீங்கன்னு எனக்குத் தெரியோணும்.”

பாலுசாமி ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கருமத்தம்பட்டியிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்த களைப்பு. ஆனாலும் கண் நகரவில்லை. தறி மோட்டாருக்குக் காயில் சுற்றக் கொடுத்தால்கூடப் பழைய செம்புக் கம்பியைத் திருப்பி வாங்கி எடை போட்டுப் பார்க்கிற ஆள்.

காந்திபுரத்துக் கடைக்காரன் தம்பிதுரை சிரித்தான். “ஏனுங்கய்யா, ஒரு வருசத்துல இது அஞ்சாவது தடவை. இன்னும் எம்மேல நம்பிக்கை வரலீங்களா?”

“நாலு தடவை புடுங்குனவரை அஞ்சாவது தடவை எப்படீங்க நம்பறது? மொதல்ல ரேம் பத்தலைன்னீங்க. அப்பறம் கார்டுன்னீங்க. அப்பறம் டிஸ்க்குன்னீங்க. போன தடவை மறுபடியும் ரேமுன்னீங்க. நாலு தறி ஓடுன கொட்டாயில இப்ப ரெண்டுதான் ஓடுது. எங்கப்பன் போட்ட தறி முப்பது வருசமா ஓடுதுங்க. தொண்ணூத்தாறுல வாங்குன பெட்டி, அதுக்குள்ள கெழடாயிருச்சா?”

“நான் என்னங்க பண்டறது? ஆறு மாசத்துக்கு ஒரு புது கேம் வருது. பழைய மிஷின்ல அது சிக்குது. உங்க பையன் கேக்கறாப்ல, நீங்க வாங்கித் தாரீங்க. வேண்டாம்னு சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே?”

பாலுசாமி வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தவர்தான். பொண்டாட்டி தெய்வாத்தாளுக்கு நெஞ்சு வலித்தபோது, ‘பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம், காசு புடுங்குவானுங்க’ என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அன்றைக்கு அப்பனிடம் பேச்சை நிறுத்திய மகன் சுரேந்தர், கம்ப்யூட்டர் சிக்கினால் மட்டும் தறிக் கொட்டாய் வாசலில் வந்து நிற்பான். “அப்பா, கேம் ஓட மாட்டேங்குதுங்க” என்பான். சரி செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் ரெண்டு நாளைக்குப் பேச்சிருக்கும். எந்தக் கார் எவ்வளவு வேகம் போகும் என்றுகூடச் சொல்வான். மூன்றாம் நாள் அறைக் கதவு சாத்திக்கொள்ளும்.

தம்பிதுரை மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். சிரிப்பு நின்றது.

“ஏனுங்கய்யா, போன தடவை ரெண்டு ரேம் போட்டுக் குடுத்தேன். ஒண்ணைக் காணமுங்களே?”

“அப்ப நீங்கதான் எடுத்திருப்பீங்க.”

“உங்க கண்ணு முன்னால போட்டதுங்க!” என்றவன் குரலைத் தணித்தான். “சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. கைச்செலவுக்கு இதைக் கழட்டி வித்துப்போடற பசங்க இருக்கறாங்க. தம்பியைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க...”

பாலுசாமி எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. “நீங்க களவாணின்னு சொன்னா ஒத்துக்குவேன். எம்பையனைச் சொன்னீங்கன்னா நல்லாருக்காதுங்க!”

“சரி, உடுங்க. ஒரு நல்லது சொல்றேன். இதுக்குக் கொட்டிக் கொட்டி மாளாது. புது மிஷினா ஒண்ணு எடுத்துக்குங்க. மாசாமாசம் கட்டுங்க, போதும். மூணு வருசத்துக்கு இந்தப் பக்கமே வரவேண்டியதில்லை.”

“மூணு வருசத்துக்கு அவனுக்கு ஒண்ணுமே வேண்டியிருக்காதுங்களா?”

“ஒண்ணுமே வேண்டியிருக்காதுங்க.”

பாலுசாமி சாய்ந்த ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

“வேண்டாமுங்க. ஒரு ரேமே போட்டுக் குடுங்க.”

“கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணுமுங்கய்யா” என்று முனகிக்கொண்டே தம்பிதுரை புதுசு ஒன்றைப் பிரித்தான். விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை. வைத்து அழுத்தினான். இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று கவ்விக்கொண்டன. பாலுசாமி குனிந்து அதையும் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பெட்டியைத் தோளில் சாய்த்து நின்றபடியே வந்தார். மிச்சமிருக்கும் ரெண்டு தறியில் ஒன்றை விலைக்குக் கேட்ட சோமனூர்க்காரனுக்கு நாளைக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

வாசலில் சுரேந்தர் காத்திருந்தான். ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

“சாப்புட்டீங்களாப்பா?”

“ஆச்சு கண்ணு” என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

மகன் அறைக்குள் போனதும், பாலுசாமி இடுப்பு பெல்ட்டின் பையைத் திறந்தார். நாலு நாளைக்கு முன்னால், அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில், இரண்டு கிளிப்பையும் வெளியே தள்ளித் தானே உருவியிருந்த பச்சை அட்டையை எடுத்துத் தெய்வாத்தாள் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.