உருண்டையாகத் தெரிந்த பூமி

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்மணிகளே. மழை விடுவதற்குள் ஒரு கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஈப்போ டவுனுக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்து வேலைக்காரச் சனம் குடியிருந்த லயத்தில் நடந்தது. நிலாவுக்குப் போனவர்கள் போகிற வழியில் திரும்பிப் பார்த்துப் பூமியைப் படம் பிடித்தார்களே, அந்த வருஷத்தின் கடைசி நாள்.

“அக்கா, அண்ணன் ரெடியா? சனமெல்லாம் லாரிகிட்ட வந்திருச்சுலா!”

வாசலில் நின்று குரல் கொடுத்தான் யேசுதாசன். தோட்டத்து லாரியில் டிரைவர் சூசைநாதனுக்குக் கையாள் அவன். லைசென்ஸ் எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்றைக்குப் புதுவருஷப் பூசைக்கு லயத்துச் சனத்தை ஏற்றிக்கொண்டு ஈப்போ மாதா கோவிலுக்குப் போக வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டது. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது.

“சட்டை மாத்துறாரு. இரு தம்பி” என்றாள் சூசைநாதனின் மனைவி ரோசரி.

போன வாரம் அவர் ஓட்டிய லாரி தோட்டத்து வாசல் கேட்டுத் தூணில் உரசியது. “மழைலா, கண்ணாடி மங்கிப் போச்சு” என்றார். முந்தாநாள் தம்ளருக்குப் பக்கத்தில் கோப்பியை ஊற்றினார். “கை நடுங்கிருச்சு” என்றார்.

ஈப்போ போகிற சாலையில் ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் ஈயம் தோண்டிய ஆழமான குட்டை. லாரி நிறையப் பிள்ளைகள். நேராகக் கேட்டால் மனுஷனுக்குக் கோபம் வரும். கோபத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். விஷயம் தோட்டத்துத் துரை காதுக்குப் போனால் வேலை போகும். வேலை போனால் இந்த லயத்து வீடும் போகும்.

ரோசரிக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலமானால் அவர் பேப்பரை விரித்து வாசிப்பார், அவள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே கேட்பாள். கொஞ்ச நாளாக, காலையில் ரேடியோவில் சொன்னதையே அவர் வாசிப்பது போல அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை வைத்துக்கொண்டு கட்டின புருஷனைக் கண் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியுமா?

ஆனால், படத்துக்கு எழுத்துத் தெரிய வேண்டாமே!

சூசைநாதன் சட்டைப் பொத்தானைத் தடவிப் போட்டுக்கொண்டே முன்னறைக்கு வந்தார். ரோசரி அடுப்படியிலிருந்து ஒரு தாளை மடித்து எடுத்து வந்து நீட்டினாள்.

“இந்தாங்க. பூமியைப் படம் பிடிச்சிருக்காங்களாமே, காலையில நம்ம யேசுதாசு கொண்டாந்தான். கடையில, ஆள் கணக்கெடுக்குற பிரட்டுக்களத்துல எல்லாம் இதே பேச்சு. என்னா ஏதுன்னு சொல்லிட்டுப் போங்க.”

“இப்பவா? பூசைக்கு நேரமாகுதுலா.”

“வருஷம் முடியறதுக்குள்ள பூமி எப்படி இருக்குன்னு நானும் தெரிஞ்சுக்குறேனே.”

அவர் தாளை வாங்கினார். “என்னாடி இது, ஒரே நெத்திலி வாடை?”

“அடுப்படியில கெடந்துச்சு. உங்க சட்டையில மட்டும் ரோசாப்பூவா மணக்குது? டீசல்தான்.”

வாசலில் யேசுதாசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

சூசைநாதன் விளக்குப் பக்கம் திரும்பி, தாளை மூக்கு நுனிவரை கொண்டுபோனார். ரோசரியின் விரல்கள் கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டன. மாதாவே, மாதாவே.

“உருண்டையா இருக்கு” என்றார்.

“எப்படி உருண்டை?”

“உரிச்ச தேங்கா மாதிரி. மேல வெள்ளை வெள்ளையா மேகம். தேங்காப்பாலை ஊத்திக் கலக்கி விட்டாப்புல இருக்கு.”

“அண்ணே, நம்ம ஈப்போ தெரியுதான்னு பாருங்க!” என்று கத்தினான் யேசுதாசன்.

“ஈப்போ எங்கடா தெரியும்? மேகம் மூடியிருக்குலா. அங்கயிருந்து பார்த்தாலும் இங்க மழைதான் போல.”

மூன்று பேரும் சிரித்தார்கள். ரோசரியின் சிரிப்புத்தான் முதலில் நின்றது.

“சுத்தி என்னா இருக்குங்க?”

அவர் தாளை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார்.

“சுத்தி ஒரே இருட்டு, ரோசரி.” குரல் இறங்கியிருந்தது. “பாவம், அம்புட்டு இருட்டுல எப்படித்தான் தட்டுத் தடுமாறி வீடு வந்து சேர்ந்தாங்களோ.”

ரோசரி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “நேர்ல பார்த்த மாதிரியே சொல்லிட்டீங்க. போயி கால்ல சப்பாத்தைப் போட்டுக்கிட்டு வாங்க.”

அவர் உள்ளே போனதும், ஆணியில் தொங்கிய லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். யேசுதாசனின் கையைப் பிடித்து, அதில் சாவியை வைத்து மூடினாள்.

“தம்பி, இன்னிக்கு லாரியை நீதான் ஓட்டுற. அவரு பக்கத்துல உட்காருவாரு. புதுவருஷமாச்சே, அண்ணன் எனக்கு ஓட்டக் குடுத்திருக்காருன்னு சனத்துக்கு முன்னால சத்தமா சொல்லு. நாலு பேரு முன்னால அவரு இல்லேன்னு சொல்ல மாட்டாரு.”

“ஏன்க்கா? அண்ணன்தான் படத்தை அவ்வளவு அழகா பார்த்துச் சொன்னாரே!”

ரோசரி கையிலிருந்த தாளை விரித்துக் காட்டினாள். கடையில் நெத்திலி மடித்துக் கொடுத்த பழைய பேப்பர். அதில், அரைக்கால் சட்டை போட்ட பந்து விளையாட்டுக்காரர்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தாசு கொண்டுவந்த பூமி, ரோசரியின் இடுப்பிலேயே, மடிப்புக் கலையாமல் இருந்தது.

உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லார் கண்ணிலும் வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும், மக்களே. இருட்டில் புறப்பட்டவர்கள் எல்லாரும் பத்திரமாக உங்கள் வாசலுக்கு வந்து சேரட்டும்.