பேய் வீட்டில் ஒரு தூக்கம்

இருட்டின பிறகு, கேளிக்கைப் பூங்காவின் பேய் வீட்டு வாசலில் கரகரவென்று ஏதோ பிராண்டும் சத்தம் கேட்டது. உள்ளே நின்றிருந்த எலும்புக்கூட்டுப் பொம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் எல்லாம் வருவதை நிறுத்தி ஒரு கோடை போய்விட்டது. அது பல்லைக் காட்டி, கையை விரித்து, "ஹா!" என்று கத்தியது.

ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு பூனை. வாயில் தொங்கிய குட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சத்தம் போடாதீங்கண்ணே, நாய் துரத்திட்டு வருது," என்றது.

"என்னைப் பார்த்தா பயமா இல்லையா?"

"பிள்ளை பெத்தவளுக்குப் பயத்துக்கா பஞ்சம்?"

எலும்புக்கூட்டுக்கு முகம் தொங்கிப்போனது. "அதான் ஜனங்களும் வரதில்லையா?"

"நான் பால் குடிக்கிற வீட்டுல, லீவு விட்டா மொட்டைமாடியில பாய் விரிச்சுக் கதை பேசறாங்க. வெயில்ல வரிசையில நின்னு, காசும் கொடுத்துப் பயப்படணுமான்னு அந்தம்மா கேக்கறாங்க."

"அப்போ நான் எதுக்கு?"

பூனை பதில் சொல்வதற்குள் வெளியே உறுமல் கேட்டது. அது சட்டென்று குட்டியைக் கவ்வி எலும்புக்கூட்டின் விலாவுக்குள் வைத்தது. குட்டி ஒரு கொட்டாவி விட்டு, சுருண்டு தூங்கிப்போனது. எத்தனையோ குழந்தைகள் அலறி ஓடிய இடத்தில் இப்படி ஒரு தூக்கமா!

"அண்ணே, கதவு..."

எலும்புக்கூடு விலா ஆடாமல் மெள்ள நடந்துபோய், கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது.