வேற சேதம் இல்லீங்க

“உங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்களா, அம்மிணி?”

ஈஸ்வரமூர்த்தி கேட்டதும் ஷமீமா ஸ்கூட்டி சீட்டைத் திறந்து பேப்பரைக் கவரோடு எடுத்து நீட்டினாள். உடைந்த வண்டிக்கு ஏதோ வழி சொல்லப் போகிறார் என்று நினைத்தாள், பாவம்.

மண்ணரை ரோட்டில் கூட்டம் இன்னும் கலையவில்லை. பனியன் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தியின் டெம்போ வேகமாகத் திரும்பி, ஷமீமாவின் ஸ்கூட்டியைத் தட்டி, ஷிப்டுக்கு ஓரமாக நடந்து போன மூக்கையாவை இடித்து, ஒரு சக்கரத்தைச் சாக்கடைக்குள் விட்டுக்கொண்டு நின்றது. துணி ரோல்களில் பாதி சாக்கடைத் தண்ணீரில். டிரைவர் ஓடிவிட்டான்; சேதி கேட்டு ஈஸ்வரமூர்த்திதான் வந்து நின்றார். மூக்கையாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. அவனுடைய டிபன் பாக்ஸ் மட்டும் நசுங்கி, சோறு சிதறி, ரோட்டிலேயே கிடந்தது.

பேப்பரைப் பார்த்ததும் ஈஸ்வரமூர்த்திக்கு முகம் தெளிந்துவிட்டது.

“தேதியெல்லாம் சரியா இருக்குதுங்க. உங்களாட்ட ஆளுகதான் நாட்டுக்கு வேணும்.”

“உங்க டெம்போவுக்குங்ணா?”

“அது போன வருசமே முடிஞ்சிருச்சுங்க. கட்டோணும் கட்டோணும்னு இருந்து விட்டுப்போச்சு.” குரலைத் தாழ்த்தினார். “ஒரு சின்ன உதவி, அம்மிணி. நீங்க இடிச்சதா ஸ்டேஷன்ல சொல்லிருங்க. உங்க இன்சூரன்ஸ்ல இருந்து அந்த ஆளுக்கு நஷ்டஈடு வந்துரும். ஸ்கூட்டிய நான் புதுசாட்டப் பண்ணித் தாரனுங்க.”

“நானா இடிச்சேன்?”

“இல்லீங்க. சும்மா சொல்றதுக்குத்தானுங்க.”

காதில் விழுந்த கூட்டத்துக்கும் இது நல்ல யோசனையாகப் பட்டது. அடுத்தவர் தலையில் ஏற்றிவிடுகிற யோசனை யாருக்குத்தான் நல்லதாகப் படாது?

மூக்கையாவோடு ஒரே ரூமில் தங்கியிருக்கும் சகாயராஜ் முன்னால் வந்து கையைக் கூப்பினான்.

“யக்கா, அவனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய. இவன் அனுப்புறதுலதான் ஊர்ல அடுப்பு எரியுது. டெய்லர் யக்கா அவன். மிசின் மிதிக்கிற காலு போயிரும் போலிருக்கு.”

ஷமீமா நசுங்கிய டிபன் பாக்ஸைப் பார்த்தாள். அவளும் பனியன் கம்பெனி கம்பெனியாக எலாஸ்டிக் சப்ளை செய்து பிழைக்கிறவள்தான்.

“தம்பி, நான் ஒத்துக்கிட்டா கேஸ் என் மேல வரும்.”

“அதான் இன்சூரன்ஸ் இருக்குதுல்ல?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“இருக்குதுங்க. எதுக்குக் கட்டறேன்? நாளைக்கு நான் யாரையாச்சும் இடிச்சுட்டா அவங்க நடுத்தெருவுல நிக்கக் கூடாதுன்னு கட்டறேன். இவரு கட்டாம விட்டதுக்கு இல்லீங்க. கட்டுனவ கோர்ட்டுக்கு அலையோணும், கட்டாதவரு ஊட்டுல நிம்மதியாத் தூங்கோணுமா? இது எந்த ஊரு நாயமுங்க?”

“ஒரு வார்த்தை சொன்னா ஒரு குடும்பம் பொழைக்கும். பொம்பளைக்கு இத்தனை கல்நெஞ்சு ஆகாது,” என்றார் கூட்டத்தில் இன்னொருவர்.

ஈஸ்வரமூர்த்தி யாரையும் கோபிக்கவில்லை. கோபித்துக்கொள்கிற சுபாவமே அவருக்குக் கிடையாது.

“மனுசனுக்கு மனுசன் உதவாட்டி எப்படிங்க? இருந்தா நானே குடுத்துருவனுங்க. டாலர் விழுந்ததுல எக்ஸ்போர்ட் ஆர்டரே இல்லை. டெம்போவுக்கு இன்சூரன்ஸ் கட்டக்கூட வழியில்லாமக் கெடக்கறேன்.”

கண்கூடக் கலங்கிவிட்டது. கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்தது.

“பொய் சொல்ல மாட்டேனுங்க,” என்றாள் ஷமீமா. “இடிச்ச வண்டி யாரோடதோ அவரே குடுக்கட்டும். நான் பார்த்ததைச் சாட்சி சொல்றேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வர்றேன்.”

“சாட்சி சோறு போடுமா யக்கா?” சகாயராஜுக்குக் குரல் உடைந்தது.

ஷமீமா ஈஸ்வரமூர்த்தியின் கையிலிருந்த பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்போதுதான் ஒரு பைக் வந்து நின்றது. தோளில் பை, கையில் கேமராவோடு ஒருவர் இறங்கினார்.

“ஈஸ்வரமூர்த்தி நீங்கதானுங்களா? சரக்கு இன்சூரன்ஸ்ல இருந்து வர்றனுங்க. நீங்க போன் பண்ணுன உடனே கெளம்பிட்டேன். துணிய யாரும் தொடலீங்கல்ல?”

“இல்லீங்க,” என்றார் ஈஸ்வரமூர்த்தி. கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை.

“ஒண்ணும் கவலைப்படாதீங்க. துணிக்குப் பாலிசி பக்காவா இருக்குது. பத்து வருசமா ஒரு தவணைகூட நீங்க விட்டதில்லை. உங்களாட்டவே எல்லாரும் இருந்துட்டா எங்களுக்கு வேலை சுலபமுங்க.”

கூட்டம் ஈஸ்வரமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தது. வந்தவர் சாக்கடை ஓரம் குனிந்து ரோல் ரோலாகப் போட்டோ எடுத்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“துணி நனைஞ்சது எழுதிக்கிட்டேன். வேற ஏதாச்சும் சேதம் உண்டுங்களா?”

“வேற சேதம் ஒண்ணும் இல்லீங்க,” என்றார் ஈஸ்வரமூர்த்தி, பழக்கத்தில். “துணி மட்டுந்தானுங்க.”

சகாயராஜ் கூப்பிய கையைக் கீழே இறக்கினான். ரோட்டில் கிடந்த டிபன் பாக்ஸை எடுத்தான். மண்ணும் சோறும் ஒட்டியிருந்ததைத் துடைக்காமலே கொண்டுபோய்த் துணி ரோலின் மேல் வைத்தான்.

“இதையும் போட்டோ எடுங்க சார்.”

பிறகு வந்து ஸ்கூட்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

“நீங்க நடங்க யக்கா, வண்டிய நான் தள்ளிட்டு வாரேன். போலீஸ் ஸ்டேசன் எந்தப் பக்கம்?”