மூடிய பிறகு ஓடும் வரிகள்

கீழே போகிற அம்புக் கீயைத் தவிர வேறு எதையும் நான் தொடவில்லை.

தொட்டால் போச்சு. தியோடர் என்னை அப்படித்தான் பயமுறுத்தி வைத்திருந்தான்.

"அக்கா, இந்த ஃபைல மட்டும் தொட்டுடாத. ஒரு எழுத்து மாறிச்சின்னா கம்ப்யூட்டர் வாயே தெறக்காது."

தியோடர் என் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் காலம் ஓடுகிறது. அதை எழுப்பிவிடவும், வேலை முடிந்ததும் மூடிச் சுத்தம் செய்யவும் அவன் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிவரியாக வைத்த அந்த ஃபைலை, எழுதிக் கொடுத்திருந்தான். ஒரு கீயை அழுத்தினால் எழுந்து பேசும். இன்னொன்றை அழுத்தினால் படுத்துவிடும்.

இன்று காலையிலிருந்தே அது பாதி வாக்கியத்தில் வாயடைத்துப் போய்க்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நான் ஒரு மெயிலுக்காகக் காத்திருந்தேன்.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று என்னைத் திருப்பதியில் வைத்து இன்டர்வியூ செய்திருந்தது. கண் தெரியாதவர்களிடம் வெப்சைட்டுகள் ஒழுங்காகப் பேசுகின்றனவா என்று சோதித்துச் சொல்கிற வேலை. தங்க இடமும் அவர்களே தருவார்கள். முடிவை மெயிலில் அனுப்புகிறோம் என்றார்கள். மாம்பழ சீசன் வந்து முடிந்தும் போயிற்று. மெயில்தான் வரவில்லை. குருடிக்கு எதற்குப் பதில் என்று இருந்துவிட்டார்கள் போல என்று அவர்களைத் திட்டாத நாளில்லை.

தியோடருக்குப் போன் மேல் போன் போட்டேன். சார் எடுக்கவில்லை. எனக்கும் ரோஷம் வந்தது. சித்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி திருப்பதிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தது பின்னே எதற்கு?

ஃபைலைத் திறந்தேன்.

தன்னை எழுப்புகிற வரிகளை ரீடர் தானே படிக்க ஆரம்பித்தது. பழைய ரீடர் எங்காவது சிக்கிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்து. ஸ்பீக்கரைத் திற. குரலைக் கூப்பிடு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தியோடர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தான். அக்காவுக்கு இந்தக் குரல்தான் பிடிக்கும். அக்காவுக்கு வேகமாகப் படிக்க வேண்டும்.

இங்கிலீஷ் தொண்டை தமிழைக் கடித்துத் துப்பியது. எனக்கு அது பழக்கம்தான். ஆனால் அவன் எழுதி வைத்ததைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. போன் எடுக்காத கோபம்கூடப் போய்விட்டது.

அடுத்த பாதி, மூடும்போது நடப்பது.

அதை நான் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்பது? முதலில் நிற்பதே குரல்தான். அது நின்றுவிட்டால் மேசைமேல் எனக்கு வெறும் பெட்டிதான் இருக்கும். உள்ளே ஃபேன் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். சுத்தம் செய்கிறது என்று எழுந்து போய்விடுவேன்.

குரலை நிறுத்து. குப்பை ஃபைல்களை அழி. நெட்டைப் போட்டு மெயிலை இறக்கு. இதுவரைக்கும் எனக்குத் தெரிந்ததுதான். நெட் மெதுவாக வரும், மூடும்போது இறக்கி வைத்தால் மறுநாள் படித்துக்கொள்ளலாம் என்று அவனே சொல்லியிருந்தான்.

அடுத்த வரியில் அந்தக் கம்பெனியின் பெயர் வந்தது.

இந்தப் பெயரில் மெயில் வந்தால், கீழே இருக்கிற பதிலை அனுப்பு. பிறகு மெயிலை அழி.

பதில் இங்கிலீஷில் இருந்தது. என்னுடையதைவிட நல்ல இங்கிலீஷ்.

வேலை கொடுத்ததற்கு நன்றி. படுக்கையில் இருக்கும் என் தாயாரை விட்டு வர எனக்கு மனமில்லை. மன்னிக்கவும். இப்படிக்கு, கிரேஸ்.

எனக்கு வேலை கிடைத்ததும், அதை நான் வேண்டாம் என்று சொன்னதும் ஒரே மூச்சில் தெரிந்தன.

ஈஸ்டருக்கு வந்தவன், கொஞ்சம் சரி பண்ணித் தருகிறேன் என்று இதன் முன்னால் உட்கார்ந்தே கிடந்தான். வேலை தருகிற மெயில் அப்போதே வந்திருக்கிறது, அதைப் படித்துவிட்டுத்தான் இந்த நன்றியை எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு அவர்கள் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் இதே பதில்தான் போயிருக்கும். அனுப்பி வைத்தது யார்? தினமும் மூடுகிற கீயை அழுத்திய நான்தான்.

பாவி. அம்மாவை விட்டுவிட்டுப் போனவன் அவன். அவளைத் தூக்கி உட்காரவைப்பதும், துடைப்பதும், ஊட்டுவதும் நான். எனக்கு மனமில்லையாம். என் மனதையும் அவனே எழுதிவிட்டான்.

அம்புக் கீயை இன்னொரு தடவை அழுத்தினேன். அந்தப் பதிலுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

அம்மா சொன்னபடி.

அம்மாவின் கட்டில் என் நாற்காலிக்குப் பின்னால்தான். அவள் தூங்கவில்லை. மூச்சை வைத்தே எனக்குத் தெரியும்.

"கிரேசு, பொழுது பூட்ச்சி. அத்த மூடிட்டு வாம்மா, ஜெபம் பண்ணலாம்."

தினமும் இந்த நேரத்துக்கு அவள் சொல்வதுதான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளுக்கு அந்த வேலையைக் கொடும் ஆண்டவரே என்று உருகுவாள். நானும் ஆமென் சொல்வேன்.

நான் மூடவில்லை. சத்தத்தை முழுசாக ஏற்றி, அந்தப் பதிலை மறுபடி முதலிலிருந்து படிக்க வைத்தேன். வீடு முழுக்கக் கேட்டது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அது என்ன சொல்கிறது என்று அவள் கேட்கவில்லை.