ஏழாவது கத்தி

“நான் வாரனுங்க!”

கூட்டத்திலிருந்து எழுந்த அந்தக் குரலைக் கேட்டதும், பூட்டிய மரப்பெட்டிக்குள் சுருண்டிருந்த உண்ணாமலைக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அது அவளுடைய அண்ணன் செல்லமுத்துவின் குரல்.

மோகனூர்ச் சந்தைத் திடலில் சாயங்கால ஆட்டம். “பெட்டிக்குள்ள இருக்கறது காஷ்மீர் இளவரசி! தைரியமிருக்கறவங்க வந்து கத்தியைச் செருகலாம்!” என்று கூவி அழைத்தது அவள் புருஷன், மேஜிக்கார அங்கமுத்து. மச்சானை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனமரத்துப்பட்டியிலிருந்து அவனோடு ஓடி வந்தவள் அவள். மறுநாளே ஊர் நடுவில், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, “கண்ணுல பட்டா ரெண்டு பேத்தையும் வெட்டிப் போடுவேன்” என்று சத்தியம் செய்தானாம் செல்லமுத்து.

இளவரசி வேஷத்துக்காக முகத்தைத் திரை மூடியிருந்தது. ஆனால் பெட்டிக்குள் ஏறும்போது கால் தெரிந்திருக்குமே! சின்ன வயதில் வெல்லப்பாகு கொட்டிய தழும்பை அண்ணனுக்குத் தெரியாதா?

கத்திகளைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. இடது மூலையில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால், ஏழு துளையில் எந்தக் கத்தி வந்தாலும் காலி இடத்தில்தான் போகும். வெளியே வருவதற்குத்தான் பயம்.

பின்பலகையில் வெளியே தெரியாத கீல் உண்டு. தள்ளினால் திரைக்குப் பின்னால் இறங்கி ஓடிவிடலாம். ஆனால் கையில் கத்தியோடு நிற்கும் அண்ணனிடம் அங்கமுத்து தனியாக மாட்டிக்கொள்வானே! பலகையில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

முதல் கத்தி அவள் கழுத்தை ஒட்டி வந்தது. மெதுவாக, மிக மெதுவாக.

“ஒண்ணு!” என்றது கூட்டம்.

“உள்ள நெசமாலுமே ஆளு இருக்குதுங்களா?” என்று கேட்டான் செல்லமுத்து.

“நீங்க பாக்கத்தானுங்க உள்ள போச்சு!” அங்கமுத்து சிரித்தான்.

இரண்டு, மூன்று, நான்கு. துளை வழியே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைச் சட்டைதான். கூட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் அண்ணன் சுவர் மாதிரி நின்றிருந்தான்.

“அண்ணா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. சனங்களுக்கு மறைக்குது” என்றான் அங்கமுத்து.

செல்லமுத்து நகரவில்லை. ஐந்தாவது கத்தியைச் செருகிவிட்டு, “வெளிய வந்ததும் அந்த முகத்திரையை எடுத்துப்போடுவீங்களா?” என்றான்.

“ஆமாங்க! இளவரசி மொகத்தைக் காட்டிக் கும்புடு போடுவாங்க. அப்பத்தான் ஆட்டம் முடியும்.”

அங்கமுத்துவுக்கு ஒன்றுமே தெரியாது. சத்தம் போட்டுச் சொல்லவும் வழியில்லை; சத்தம் போட்டால் கூட்டத்துக்கு முன்னால் அவள் யாரென்று இப்போதே தெரிந்துவிடும்.

ஆறாவது கத்தி. இன்னும் ஒன்றுதான் பாக்கி. ‘என்னை வெட்டட்டும், அவரை விட்டுடச் சொல்லிக் காலில் விழுந்துடலாம்’ என்று முடிவு செய்தாள்.

ஏழாவது கத்தி பாதி வந்து நின்றது. அண்ணனுடைய மூச்சுக் காற்று துளை வழியே அவள் காதில் பட்டது.

“சத்தம் போடாத கண்ணு. அப்பா முன்வரிசையில உக்காந்திருக்காரு, மடியில அருவா இருக்குது.”

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“பின்னால வழி இருந்தா எறங்கிப் போயிரு. மாப்பிள்ளையை நான் பத்திரமாக் கூட்டிக்கிட்டு வாரேன்.”