பக்கத்து வீட்டுச் சாக்கடை

எந்த மருந்துக்கும் அடங்காமல் ஏகாம்பரத்தின் இடது கால் புரையோடிக்கொண்டிருந்தது. அந்தக் கிருமியைக் கொல்லும் வைரஸ், பக்கத்து வீட்டு மரகதவல்லியின் சாக்கடையில்தான் இருக்கிறது என்று லேப் பெண் சொன்னபோது அவர் முகம் கோணியது.

"அது கிருமிமேல காலை ஊனி நின்னு, தன் டி.என்.ஏவை ஊசி மாதிரி உள்ள இறக்கும் சார். அப்புறம் கிருமி வெடிச்சிடும். ஆனா நீங்க அங்கேர்ந்து கொண்டாந்த தண்ணியில எல்லா வைரஸுக்கும் கால் கரைஞ்சிருக்கு. யாரோ பிளீச்சிங் பவுடர் கொட்டியிருக்காங்க. வேற தண்ணி கொண்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்கலன்னா உங்க காலை எடுத்துடுவாங்க."

கொட்டியது ஏகாம்பரமேதான். தினமும் காலையில், மரகதவல்லியின் காதில் விழும்படி திட்டிக்கொண்டே கொட்டினார்.

காலி பாட்டிலோடு நொண்டிக்கொண்டே போய் அவள் கதவைத் தட்டினார்.

"உங்க வீட்டுக் கக்கூஸ் தண்ணி கொஞ்சம் வேணும்மா."

அவள் அவர் கால்கட்டைப் பார்த்தாள். லேப் பெண் சொன்னதையெல்லாம் அவர் சொன்னார்.

"நாத்தம் தாங்கலன்னு ஊரைக் கூட்டினீங்களே, அந்தத் தண்ணியா?"

"அதேதான்."

"குடுக்கறதுக்கென்ன. ஆனா நகராட்சியில சொல்லி எங்க கதவுல நோட்டீஸ் ஒட்ட வச்சீங்கல்ல? அன்னையிலேர்ந்து வீட்டுக்குள்ளயே வேளா வேளைக்குப் பவுடர் போடறோம்." கதவை அகலத் திறந்துவிட்டாள். "நீங்களே மோந்து பாருங்க சார். இப்ப நாத்தமே இல்ல."

ஏகாம்பரம் மோந்து பார்த்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசனை அடித்தது.